சேப்பாக்கத்தில் பழையது என்று என்ன மிச்சம்?

கேட்ட கேள்வி இது: "சேப்பாக்கம் இந்தியாவின் மிகப் பழைய கிரிக்கெட் மைதானங்களில் ஒன்று என்கிறார்கள். ஆனால் டி.வி.யில் பார்த்தால் எல்லாமே புதுக் கட்டிடமாகத் தெரிகிறது. அதன் வரலாறு என்ன, எப்போதெல்லாம் இடித்துக் கட்டினார்கள், பழையது என்று சொல்ல அங்கே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிடம் என்று பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம் எதுவும் அங்கே நிற்கவில்லை. நடுவில் இருக்கும் மண்ணும், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்றும்தான் பழையவை. அந்த மண்ணைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்த இடம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் சேப்பாக்கத்தின் வரலாறு முழுவதும் பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த இடம் யாருடையது என்று சொல்ல வேண்டும். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டிக்கொண்ட சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த தோட்டம் அது. அரண்மனை இன்னமும் இருக்கிறது, எழிலகம் வளாகத்துக்குள். மைதானத்தை ஒட்டிப் போகும் சாலைக்கு வாலாஜா சாலை என்று பெயர் வந்ததும் அவரால்தான். கடைசி நவாப் 1855-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். சில ஆண்டுகளில் அரண்மனையும் நிலமும் அரசாங்கத்தின் கைக்குப் போயின.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அதற்கு முன்பே, 1846-இல், தொடங்கிவிட்டது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஆர்பத்னாட் என்ற அரசு அதிகாரி. கோட்டைக்குப் பக்கத்தில் தீவுத்திடலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், 1865-இல் சேப்பாக்கத்து நிலத்தில் ஆட அனுமதி வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு சின்ன பெவிலியன், அதாவது ஆட்டக்காரர்களும் கிளப் உறுப்பினர்களும் உட்காரும் கட்டிடம், எழுந்தது. 1890-களில் அதைவிடப் பெரியதாக இன்னொன்று கட்டினார்கள். அதை வரைந்தவர் ஹென்றி இர்வின். உயர் நீதிமன்றக் கட்டிடத்திலும் மைசூர் அரண்மனையிலும் கைவைத்த அதே இர்வின். சுற்றிலும் பெரிய மரங்கள், ஒரு பக்கம் பெவிலியன், அந்தப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் கடற்கரை. இந்தியாவிலேயே அழகான மைதானங்களில் ஒன்று என்று அந்தக் காலத்தில் பேர் வாங்கியிருந்தது.

ஆனால் அந்த அழகு யாருக்கு? பெவிலியன் ஐரோப்பிய உறுப்பினர்களுக்கு மட்டும். எதிர் அணியில் ஆட வந்த இந்தியர்களுக்கு மரத்தடி. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். இதைப் பொறுக்காத லஸ் பகுதிப் பெரிய வீட்டுப் பிள்ளை புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். நம் ஆட்களுக்கு மட்டை, பந்து, பயிற்சி எல்லாம் கொடுத்து ஓர் அணியை உருவாக்கி, ஐரோப்பியர்களோடு சமமாக மோத வைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த மாதிரி ஓர் ஆட்டம் 1908-இல் நடக்க ஏற்பாடானது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதே ஆண்டு இறந்துபோனார். பிறகு 1915-16 முதல் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் பிரசிடென்சி ஆட்டம் பொங்கல் சமயத்தில் ஆண்டுதோறும் நடக்க ஆரம்பித்தது. சென்னையில் பொங்கலுக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள உறவு அங்கே தொடங்கியதுதான். 'பொங்கல் டெஸ்ட்' என்று எங்கள் வீடுகளில் சொல்வார்களே, அதன் மூதாதை இந்த ஆட்டம். புச்சி பாபு பெயரில் இன்றும் சென்னையில் போட்டி நடக்கிறது.

1934 இந்த மைதானத்துக்கு ஒரு பெரிய ஆண்டு. பிப்ரவரி 10-ஆம் தேதி அங்கே முதல் டெஸ்ட் தொடங்கியது. எதிர் அணி இங்கிலாந்து, அதன் கேப்டன் டக்ளஸ் ஜார்டின். அமர் சிங் முதல் இன்னிங்ஸில் 86 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தும், ஹெட்லி வெரிட்டியின் சுழலுக்கு முன்னால் இந்தியாவால் நிற்க முடியவில்லை. 202 ரன்னில் தோல்வி. அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இன்னொரு முதல்: நாட்டுக்குள் இருக்கும் அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மதராஸும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, 59. மதராஸ் 130. ஏ.ஜி. ராம் சிங் மட்டும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். ராம் சிங்கின் இரண்டு மகன்கள், கிருபால் சிங்கும் மில்கா சிங்கும், பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார்கள். மூன்று நாள் ஆட்டத்தை ஒரே நாளில் முடித்துவைத்த அந்தப் பிட்ச்சில் அன்றைக்கு என்ன இருந்தது என்று இப்போதும் யோசிப்பேன்.

அப்புறம் 1952. இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டை ஜெயித்தது சேப்பாக்கத்தில்தான், இங்கிலாந்தோடு. டெஸ்ட் தொடங்கிய பிப்ரவரி 6-ஆம் தேதி லண்டனில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துபோனார். ஓய்வு நாளை முன்னுக்குத் தள்ளி மறுநாளே வைத்துக்கொண்டார்கள். வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 53 கொடுத்து 4. பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம். பிப்ரவரி 10-ஆம் தேதி ஓர் இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் வெற்றி. முதல் டெஸ்ட் தொடங்கிய அதே தேதி, சரியாகப் பதினெட்டு ஆண்டு கழித்து.

இதற்குப் பிறகு ஒரு இடைவெளி வருகிறது. பலருக்கு இது தெரியாது. 1956 முதல் 1965 வரை சென்னையில் நடந்த டெஸ்டுகள் எதுவும் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. ஒன்பது டெஸ்டுகளும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இப்போதைய நேரு ஸ்டேடியத்தில் நடந்தன. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956 ஜனவரியில் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்களே, அரை நூற்றாண்டுக்கு மேல் உலக சாதனையாக நின்றது, அதைச் சேப்பாக்கத்துக் கணக்கில் சேர்த்துப் பேசுவார்கள். தவறு. அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

1967 பொங்கலுக்கு டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. முதல் நாளே பரூக் இன்ஜினியர் உணவு இடைவேளைக்குள் 94 ரன் அடித்து, திரும்பி வந்ததற்கு ஒரு கச்சேரி வைத்துவிட்டார். எதிரே பந்து வீசியது மேற்கிந்தியத் தீவுகளின் வேகப் பந்துக்காரர்கள் ஹாலும் கிரிஃபித்தும். அப்போதெல்லாம் நிரந்தரமான கேலரி கிடையாது. டெஸ்டுக்கு முன்னால் லாரி லாரியாகச் சவுக்குக் கட்டை வந்து இறங்கும். கட்டைகளை நட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பலகை போட்டுப் படி படியாக கேலரி எழுப்புவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துப் போய்விடுவார்கள். கல்யாணப் பந்தல் மாதிரி. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் காலைத் தட்டும்போது கேலரியே அதிருமாம். அந்தக் காலத்து ஆட்கள் அதைச் சொல்லும்போது பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருக்கும்.

சவுக்குக் கட்டை போய்க் காங்கிரீட் வந்தது 1970-களில் தொடங்கி 80-களின் தொடக்கம் வரை. இதுதான் முதல் பெரிய மாற்றம். இர்வின் கட்டிய பெவிலியன் இடிக்கப்பட்டதும் இந்தச் சமயத்தில்தான். மைதானத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் பெயரைச் சூட்டினார்கள். அண்ணாமலைச் செட்டியாரின் மகன், தொழிலதிபர், 1960 முதல் 63 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். ஆனால் பெயர்ப்பலகையில் என்ன எழுதினாலும், ஊரில் எவரும் 'சிதம்பரம் ஸ்டேடியத்துக்குப் போறேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை. சேப்பாக்கம்தான்.

இர்வினின் பெவிலியனை இடித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஐரோப்பியர் மட்டும் உட்கார்ந்த இடம்தானே, போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மரத்தடியில் உட்கார வைத்தவர்கள் போய், நம் ஆட்களே சொந்தமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கிய கட்டிடமும் அதுதானே. லார்ட்ஸில் கிட்டத்தட்ட அதே வயதுள்ள பெவிலியனை வைத்துக்கொண்டே சுற்றிலும் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இங்கேயும் முடிந்திருக்கும்.

காங்கிரீட் ஸ்டேடியம் எப்படி இருந்தது என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். 1988 பொங்கல் டெஸ்ட், மேற்கிந்தியத் தீவுகளோடு. எனக்குப் பதினொரு வயது. மாமா கூட்டிக்கொண்டு போனார். எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சை சாதம், ஒரு கூஜாவில் தண்ணீர். காங்கிரீட் படிதான் இருக்கை, சூடு தாங்காமல் கீழே நியூஸ்பேப்பர் விரித்துக்கொள்ள வேண்டும். அதெல்லாம் பரவாயில்லை. எங்களுக்கு நேர் முன்னால் கூரையைத் தாங்கும் தூண் ஒன்று. தூணுக்கு இடது பக்கம் பந்து வீசுகிறவர் ஓடிவருவது தெரியும். வலது பக்கம் கீப்பர் தெரிவார். பேட்ஸ்மேன் நிற்கிற இடத்தை மட்டும் தூண் கச்சிதமாக மறைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணும் தெரியலை."

"எட்டிப் பாருடா."

எட்டிப் பார்த்தால் பக்கத்து ஆள் முறைப்பார். அந்த டெஸ்டில்தான் நரேந்திர ஹிர்வாணி அறிமுகமாகி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் கீப்பர் கிரண் மோரே மட்டும் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். நான் பார்த்தது என்ன தெரியுமா? ஹிர்வாணி நாலு எட்டு ஓடிவந்து கையைச் சுழற்றுவார். பந்து தூணுக்குள் போய்விடும். ஒரு கணம் ஒன்றுமில்லை. மோரேயின் கைகள் தூணை நோக்கிப் பாயும். உடனே ஊரே எழுந்து நிற்கும். உலக சாதனை ஒன்றைத் தூணுக்கு இரண்டு பக்கமும் இருந்து பார்த்த பையன் நான். மாமா ஒவ்வொரு விக்கெட்டுக்கும் "அவுட்டா, அவுட்டா" என்று முன் வரிசைக்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படித் தூணும் வெயிலுமாக இருந்த அந்தக் காங்கிரீட் காலத்தில்தான் சேப்பாக்கம் தன் பெரிய கதைகளையெல்லாம் சம்பாதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் கவாஸ்கர் 236 நாட் அவுட், பிராட்மனின் 29 சதத்தைத் தாண்டிய முப்பதாவது சதம். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு டை, அதாவது இரண்டு அணிக்கும் ஒரே ரன். டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதுவரை ஒரே ஒரு ஆட்டம்தான். இந்தியாவுக்குத் தேவை 348. 347-இல் கடைசி ஆள் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. முறையில் அவுட். ரவி சாஸ்திரி எதிர் முனையில் 48 நாட் அவுட்டாக நின்றுகொண்டிருந்தார். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் 210 அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போய் சலைன் ஏற்றிக்கொள்ள வேண்டி வந்தது. வெயில் ஒரு பக்கம், பக்கிங்ஹாம் கால்வாயின் வாடை இன்னொரு பக்கம். அந்த ஆஸ்திரேலியர்கள் இரண்டையும் கடைசிவரை மறக்கவில்லை.

1987 உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியாவிடம் ஒரு ரன்னில் தோல்வி. 1996-இல் ஃபிளட்லைட் வந்தது, உலகக் கோப்பைக் கால் இறுதி நடந்தது. 1997-இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் 194 ரன்.

அப்புறம் 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். 271 ரன் தேவை. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 அடித்து வெளியேறியபோது ஸ்கோர் 254, கையில் மூன்று விக்கெட். மீதி மூன்று பேரும் சேர்ந்து நாலே ரன். 12 ரன்னில் தோல்வி. கேலரியில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. பிறகு யார் ஆரம்பித்தார்களோ, கைதட்டல் எழுந்தது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள், ஜனம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. சேப்பாக்கத்து ரசிகர்களைப் பற்றி யார் பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அது நடந்தது குஷன் இருக்கையில் இல்லை, சூடேறிய காங்கிரீட் படியில். வெற்றி தோல்வியோடு முதுகும் பின்பக்கமும் வலிக்க உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தட்டினார்கள்.

சரி, இடித்துக் கட்டிய கதைக்கு வருகிறேன். 2011 உலகக் கோப்பை வரப்போகிறது என்றதும் 2009-இல் வேலை தொடங்கியது. பழைய ஸ்டாண்டுகளை இடித்துவிட்டு ஐ, ஜே, கே என்று மூன்று புது ஸ்டாண்டுகள். வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் ஆர்கிடெக்ட்ஸ், கூடவே சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனம். லார்ட்ஸில் கூடாரம் போட்டது போன்ற வெள்ளைக் கூரையோடு மவுண்ட் ஸ்டாண்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டியதும் இதே ஹாப்கின்ஸ்தான்.

இந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் தூணை ஒழித்தது இதுதான். பழைய கூரை கனமானது. கனத்தைத் தாங்க முன்பக்கத்திலும் தூண் வேண்டும். புதுக் கூரை, டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைத் துணி. எடை மிகக் குறைவு. அதைக் கம்பி வடங்களால் இழுத்துப் பிடித்து, நான்கு பக்கக் கூம்புகளாக விறைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். இழுவையின் பாரம் முழுவதும் பின்னால் இருக்கும் இரும்புக் கட்டமைப்புக்குப் போய்விடுகிறது. அதனால் பார்வைக்கு முன்னால் தூணே தேவையில்லை. துணி வெளிச்சத்தை மென்மையாக உள்ளே விடும், வெயிலின் கடுமையைத் தடுத்துவிடும். இருக்கைகளை 36 டிகிரி சரிவில் அமைத்ததால் முன்னால் எவ்வளவு உயரமான ஆள் உட்கார்ந்தாலும் பிரச்சினை இல்லை. இதையெல்லாம்விட நல்ல யோசனை, ஸ்டாண்டுகளை ஒரே சுவராக ஒட்டிக் கட்டாமல் நடுவில் இடைவெளி விட்டது. மெரினாக் காற்று அந்த இடைவெளிகளின் வழியே உள்ளே வருகிறது. சென்னையில் கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்டியவர்கள்.

2011 மார்ச் 6, இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் உலகக் கோப்பை ஆட்டம். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். படியேறி வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்ததும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"எதுவும் மறைக்கலையேடா."

அன்றைக்கு இங்கிலாந்து ஆறு ரன்னில் ஜெயித்தது. வீட்டுக்கு வந்தும் அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, கூரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. உலகக் கோப்பை முடிந்த கையோடு, இவ்வளவு உயரமான கட்டிடத்தைச் சுற்றி விதிப்படி இருக்க வேண்டிய காலி இடம் இல்லை என்ற சிக்கல் எழுந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் ஸ்டாண்டுகளுக்கு மிக நெருக்கமாக இருந்தது. தீப்பிடித்தால் வண்டி சுற்றிவர வழி வேண்டும் அல்லவா. நிலம் அரசாங்கத்துடையது, மைதானம் குத்தகையில், பக்கத்தில் கிளப்பின் கட்டிடம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் சீல் வைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தன.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஐ.பி.எல். ஆட்டத்தில் டி.வி.யைப் போட்டால் மைதானம் முழுக்க மஞ்சள், நடுவில் மூன்று பெரிய ஓட்டை. வெளியே டிக்கெட் கிடைக்காமல் வாலாஜா சாலையில் ஆயிரக்கணக்கான பேர். மைதானத்திலேயே அருமையான இடம் புறாக்களுக்கு. 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. இந்த மூன்று ஸ்டாண்டுகளுக்கு அனுமதி கிடைக்காததால் ஹைதராபாத்துக்குப் போனது. விதி தேவைதான், அதில் சந்தேகமில்லை, கூட்டம் கூடும் இடத்தில் தீயணைப்பு வழியில் சமரசம் கூடாது. எனக்கு ஆற்றாமை எதில் என்றால், படம் வரையும்போதே அளந்து பார்த்து, பேசி முடித்திருக்கக்கூடிய ஒரு விஷயத்துக்காக ஒரு தலைமுறைப் பையன்கள் டி.வி.யில் வெற்று நாற்காலிகளைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பதில்தான். குத்தகை விவகாரம் தீர்ந்து, இடைஞ்சலாக இருந்த கட்டிடம் அகற்றப்பட்டு, அந்த ஸ்டாண்டுகள் முழுதாகப் புழக்கத்துக்கு வர 2020-களின் தொடக்கம் ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த கட்டம் பழைய அண்ணா பெவிலியன் பக்கம். அதையும் பக்கத்தில் இருந்ததையும் இடித்து, சுமார் 139 கோடி ரூபாய் செலவில் புதிதாகக் கட்டினார்கள். கலைஞர் மு. கருணாநிதி பெயரில் அமைந்த ஸ்டாண்டை 2023 மார்ச் 17-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். இப்போது மொத்தம் 38,000 பேர் சுமாருக்கு உட்காரலாம். பழைய காங்கிரீட் காலத்தில் இதைவிட அதிகம் பேர் உட்கார்ந்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. உட்கார்ந்தார்கள் என்பதைவிட அடைந்து கிடந்தார்கள் என்று சொல்லலாம். ஆளுக்கொரு நாற்காலி, நடக்க வழி, வெளியேற வாசல் என்று வந்துவிட்டால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அந்த ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை வீழ்த்தியதும், 2024 மே மாதம் ஐ.பி.எல். இறுதி ஆட்டமும் இந்தப் புது அமைப்பில் நடந்தவை.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. வசதி கூடக்கூட டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. எலுமிச்சை சாதத் தூக்கோடு குடும்பமாக வந்து ஐந்து நாளும் உட்காருவது இன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை, தூக்கை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாதாரண ஜனங்களின் இடம் முன்பு மரத்தடி, இப்போது டி.வி. முன்னால்.

இனி நீங்கள் கேட்ட மிச்சம். முதல் மிச்சம், நடுவில் இருக்கும் ஆடுகளம். சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் மண் பிட்ச்சும் உண்டு. செம்மண் பிட்ச்சில் பந்து எழும்பும், காயக் காயச் சீக்கிரம் பெயர்ந்து சுழலுக்கு உதவும். கரிசல் மண்ணில் பந்து தாழ்ந்து, மெதுவாக வரும். எந்த ஆட்டத்துக்கு எதைத் தயார் செய்கிறார்கள் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் இங்கேயே நடந்தது. முதலாவதில் ஜோ ரூட் 218 அடிக்க, இங்கிலாந்து 227 ரன்னில் ஜெயித்தது. இரண்டாவது வேறு பிட்ச், இந்தியா 317 ரன்னில் ஜெயித்தது, அஸ்வின் எட்டு விக்கெட்டும் ஒரு சதமும். ஒரே மைதானம், அடுத்தடுத்த வாரம், இரண்டு வேறு உலகம்.

அந்த மண்ணை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன, மைதானத்திலும் சைட் ஸ்கிரீன், விளக்குகள் எல்லாம் சேதம். நான்கே நாளில், 16-ஆம் தேதி இங்கிலாந்தோடு டெஸ்ட். பிட்ச்சில் ஈரம். வெயிலும் இல்லை. ஊழியர்கள் இரும்புத் தட்டுகளில் கனன்று எரியும் கரியைக் கொண்டுவந்து, பிட்ச்சுக்கு மேல் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக் காயவைத்தார்கள். இஸ்திரி போடுகிற மாதிரி. டெஸ்ட் குறித்த நாளில் தொடங்கியது. அந்தப் பிட்ச்சில்தான் கருண் நாயர் 303 நாட் அவுட், இந்தியா 759. அந்த ஊழியர்களின் பெயர் ஸ்கோர்கார்டில் இல்லை, ஆனால் அந்த 303-இல் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது மிச்சம், பட்டாபிராமன் கேட். பழைய கட்டிடம் என்று சொல்லவில்லை, பழக்கத்தைச் சொல்கிறேன். "பட்டாபிராமன் கேட்கிட்ட நில்லு, வந்துடறேன்" என்று சொல்லாத சேப்பாக்கம் ரசிகர் கிடையாது. ஒரு பந்துவீச்சு முனைக்கே அந்தப் பெயர்தான்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் ஐ.பி.எல். நாளில் போகாதீர்கள். ரஞ்சி ஆட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கலாம், மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம். ரயில் கால்வாயை ஒட்டி வரும்போதே ஜன்னலில் வெள்ளைக் கூம்புகள் தெரிய ஆரம்பிக்கும். உள்ளே கூட்டம் இருக்காது. எந்த முனையிலிருந்து சுழல் பந்து வீசுகிறார்களோ அதற்குப் பக்கவாட்டில் கீழ் வரிசையில் உட்காருங்கள், மட்டையில் படும் சத்தம் வரைக்கும் கேட்கும். காலையில் காற்றே இருக்காது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உச்சி சாய்ந்ததும் கொடிகள் அசைகின்றனவா என்று பாருங்கள். கடல் பக்கமிருந்து காற்று இறங்கும்போது சுழல் பந்து வீசுகிறவர் தன் முனையை மாற்றித் தரச் சொல்லிக் கேப்டனிடம் கை காட்டுவார்.